நாரையின் கால்கள்

மச்சான், இன்று காலை ஸ்டுடியோவைப் பெருக்கும்போது பேப்பர் கட்டருக்கு அடியிலிருந்து உன் நாரையின் கால்கள் கிடைத்தன. படத்திலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு. சேறு, தண்ணீர், குச்சி போல இரண்டு கால்கள். சிரிப்பு வந்தது, தூசி தட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நாரையைப் படமெடுக்கப் பிச்சாவரத்தில் படகுக்காரர் முணுமுணுக்க அரை நாள் உட்கார்ந்திருந்தாய். உன் அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைக் காலி செய்ய நானும் வந்திருந்தேன். கல்யாண வீட்டில் படமெடுக்கிற பழக்கத்தில், "கொஞ்சம் இப்பிடிப் பாரும்மா" என்று நாரையிடம் சொல்லித் தொலைத்தேன். அது எழுந்து பறந்துவிட்டது. திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை நீ என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் புகைப்படப் போட்டி. பிரிண்ட்டின் ஓரத்து வெள்ளையை மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கொடுத்தாய். திருப்பாதிரிப்புலியூரில் இத்தனை வருஷம் பாஸ்போர்ட் சைஸ் வெட்டிய கை சும்மா இருக்குமா? தலைக்கு மேல் கொஞ்சம் விட்டேன், நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் வேண்டாம் என்று வெட்டினேன். நாரையின் முகத்துக்கு எதிரில் நீ விட்டிருந்த வெறும் தண்ணீரும் வீணாகத் தெரிந்தது. அதையும் எடுத்துவிட்டு, நாரையை நட்டநடுவில் மாப்பிள்ளை போல உட்கார வைத்தேன். அன்று மாலையோடு கெடு முடிகிறது, வேறு பிரிண்ட் போடலாமென்றால் லேப்பையும் பூட்டிவிட்டார்கள்.

நீ கத்தவில்லை. "அது பாக்குற பக்கம் எடம் உடணும் மாமா. எங்க போவும் அது?" என்று மட்டும் கேட்டாய்.

கால் போன அந்தப் படத்துக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. சான்றிதழில் 'நீந்தும் வாத்து' என்று எழுதியிருந்தார்கள். ஸ்வீட்டோடு வந்து நின்ற என்னிடம் நீ இரண்டு மாதம் பேசவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

போன வருஷம் நீ திடுதிப்பென்று போய்ச் சேர்ந்ததும், மாட்டுவதற்குப் படம் கேட்டு உன் அக்கா அழுதாள். யார் கேமராவை எடுத்தாலும் பின்னால் போய் நிற்பவன் நீ. என்னிடம் இருந்தது ஒன்றுதான், அன்று படகில் உனக்குத் தெரியாமல் எடுத்தது. நாரை பறந்த திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். கட்டரில் வைத்தேன், கை ஓடவில்லை.

ஆள் ஓரமாக இருக்கிறாரே, நடுவில் வைக்கலாமா என்று பிரேம் போடுகிறவர் கேட்டார். சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். மாலை போட்டால் பாதி தண்ணீர்மேல்தான் தொங்குகிறது. தொங்கட்டும்.

நீ பார்க்கிற பக்கம் பூராவும் இடம் விட்டிருக்கிறேன், மச்சான். இன்று அந்தக் கால்களையும் அங்கேயே கண்ணாடிக்குள் செருகிவைத்தேன்.