திக்ருக்கு முன் அரை மணி நேரம்

இன்று அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள். அண்டாவின் மூடியைத் திறந்தபோது இஞ்சியும் ரம்பை இலையும் கலந்த வாசம் வரிசை முழுக்கப் பரவியது. நின்ற இடத்திலேயே உன் குரல் கேட்டது எனக்கு. நோன்பு வைக்க முடியாதவனுக்கும் இந்தக் கஞ்சியில் பங்கு உண்டு என்று சொன்னவள் நீதான். அதை ஏற்றுக்கொள்வதற்குள் நான் உன்னை எவ்வளவு பாடுபடுத்திவிட்டேன்!

நம் செங்காங் வீட்டில் மார்க்கத்துக்கு இரண்டு முகங்கள். நீ பெண்களுக்கு ஷரீஅத் சட்டம் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாஸா. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு எப்போது முறியும், பயணத்தில் தொழுகையை எப்படிச் சுருக்குவது, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாய். நான் பஸ் ஓட்டுகிறவன். வெள்ளிதோறும் மாலையில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் சூஃபி வட்டத்தில் உட்கார்ந்து, இறைவன் பெயரைத் திக்ராகச் சொல்லிச் சொல்லி அழுகிறவன்.

"உனக்குச் சட்டந்தான் தெரியும், காதல் தெரியாது" என்று உன்னைச் சீண்டுவேன்.

"காதலிக்கிறவரு மொதல்ல விடியக்காலைல சுபுஹுக்கு எந்திரிங்க" என்பாய்.

எனக்குச் சர்க்கரை முற்றிய வருடம், நோன்பு கூடவே கூடாது என்றார் டாக்டர். உனக்கு ஒரு நொடிகூடத் தயக்கமில்லை. மறுநாளே மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்தாய். நானும் வாங்கிக்கொண்டேன். அதை நோன்பில்லாத ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, காலி டப்பாவோடு வீடு திரும்புவேன். இது எனக்கும் இறைவனுக்கும் மட்டும் தெரிந்த நோன்பு என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. பன்னிரண்டாம் நாள் கிளமெண்டி பஸ் நிலையத்தில் கடைசிப் பயணி இறங்கியதும் கண் இருட்டியது. விழித்தபோது மருத்துவமனையில் இருந்தேன். நீ பக்கத்தில் இருந்தாய்.

"பொய் சொல்லிட்டா நோன்பு வெச்சீங்க?"

"அல்லாவுக்காகத்தான் வெச்சேன்."

"நோயாளிக்கு விலக்கு குடுத்ததும் அவன்தானே? அவன் குடுத்தத வேணாம்னு தள்ளிட்டு யாருக்காக வெச்சீங்க? பஸ் ஓடிட்டு இருக்கும்போது விழுந்திருந்தா? ஏறுனவங்க உசுருல்லாம் உங்க காதலுக்குக் காணிக்கையா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி நான் மாடியில் உட்கார்ந்திருந்தபோது நீ படியேறி வந்து வாசலில் நின்றாய். அதுவரை எந்தப் பெண்ணும் அந்த மாடிக்கு வந்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வட்டத்தை நடத்தும் ஷெய்குக்கு சலாம் சொன்னாய். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாய். "நான் சொன்னா இவருக்கு அது வெறும் சட்டம். நீங்க சொல்லுங்க" என்றாய்.

ஷெய்கு என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், உன்னிடம் பேசினார்.

"உஸ்தாஸா, இங்க அழறதுக்கு ஆளு நெறைய இருக்காங்க. எப்ப தொழணும், எப்ப சாப்பிடணும்னு சொல்லத்தான் ஆளில்ல. திக்ருக்கு முன்னாடி அரை மணி நேரம் நீங்க வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கணும்."

"பொம்பளையா, ஆம்பளைங்களுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அறிவுக்கு அப்படி ஒரு தடை இருக்கா, உஸ்தாஸா?" என்று ஷெய்கு உன்னையே கேட்டார்.

"இல்ல. வேணும்னா திரை போட்டுக்கலாம் லா" என்றாய். யாரோ சிரித்துவிட்டார்கள். மாடியில் இறுக்கம் தளர்ந்தது. அப்போதுதான் உன் நிபந்தனையைச் சொன்னாய்.

"எங்க வகுப்புப் பெண்களும் திக்ருல உட்காரணும். அவங்களுக்குச் சட்டம் எல்லாம் சொல்லிக்குடுத்துட்டேன். அழ எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல."

அந்த வார்த்தையில் என் வெட்கம் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு பெரிய மனுஷியையா இத்தனை வருடம் கேலி பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அன்று முதல் அந்த மாடியில் உன் பாடம் முடிந்த பிறகே திக்ரு தொடங்கும். திரைக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரலும் எங்களோடு சேர்ந்து எழும்.

உன் கடைசி ரமலானில் டாக்டர் உனக்கும் நோன்பு கூடாது என்றார். பகலில் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"விலக்கு இருக்குன்னு தெரியும்ங்க. வாங்கிக்கத்தான் மனசு வரமாட்டேங்குது. அன்னைக்கி உங்கள ரொம்பப் பேசிட்டேன்."

"சரியாத்தான் பேசுன. குடி. குடுத்தவன் அவன்தானே."

பிஸ்மி சொல்லிக் குடித்தாய். எழுந்து நின்று தொழ முடியாமல் போனபோது உட்கார்ந்து தொழுதாய். அதுவும் முடியாதபோது படுத்தபடி கண் அசைவால் தொழுதாய். இதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது என்று நீ மற்றவர்களுக்குச் சொன்ன பாடம்தான். அந்தக் கண்களைப் பார்த்தபோதுதான் சட்டத்துக்குள் எவ்வளவு காதல் இருக்கிறது என்று கண்டேன்.

இப்போது அந்த அரை மணி நேரத்தை உன் மாணவி ஒருத்தி நடத்துகிறாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். போன வெள்ளி வட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், நான் யார் என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தார். இந்த வட்டத்தில் பழைய ஆள் நான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். பக்கத்திலிருந்தவர் அதெல்லாம் சொல்லவில்லை.

"இவரா? உஸ்தாஸா வீட்டுக்காரரு" என்றார்.

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.