புல்தரை ஓரத்தில் சிவப்பு நூல்

என்னங்க,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், ஷிப்ட் முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன். உங்கள் இருமல் குறைந்ததா? மாடிப்படியில் எனக்குக் கால் பிசகியது. இரண்டு நாள் நொண்டினேன், இப்போது ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் வாசல் புல்தரையின் ஓரம் அவ்வளவு நேராக இருக்கிறது. "நான்தான் வெட்டினேன்" என்றீர்கள். பாப்பாவுக்கு வகிடே கோணலாக எடுக்கிற நீங்களா? அவளைக் கேட்டால், "அப்பா சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க" என்கிறாள். வீட்டுக்கு யார் வந்து போவது என்று மனசு கண்டதையும் நினைத்தது.

இன்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் ஒரு ஆணி, அதில் எட்டு வடிவில் சுற்றிய சிவப்பு நூல். கொத்தனார்கள் மட்டம் பிடிக்கிற நூல். வேலை முடிந்ததும் என் அப்பா அப்படித்தான் சுற்றி வைப்பார். நம் கல்யாணத்திலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாத அதே அப்பா.

அவர்தானா? பாப்பாவைத் தூக்கினாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? போனில் கேட்டால் மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். அந்த நூலை அவிழ்க்க வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.