காவிக்கோடு விழுந்த சுவர்

மங்கலம் பெருகுக. மழை தவறாதிருக்க. மருதவெளி நாட்டுக்கும், வடவெல்லைக் கொடுமுனைக் கணவாயில் பாடியமைத்துப் பகை தடுத்து நிற்கும் படைக்கும் நன்மையே உண்டாகுக. ஏழு குன்றும் இரண்டு ஆறும் உடைய கோமகன், மருதவெளி காத்த மன்னர்பிரான், விறலரையர் பெருமான் திருமுன்பு, தலைநகர் நெடுவாயிலிலிருந்து மூத்த அமைச்சர் தத்தன் மாராயர் எழுதுவித்த விண்ணப்ப ஓலை. தேவரீருக்கு இன்னும் பதினாறு பட்டங்கள் உள. அவற்றை எழுதும் பொழுதைக் குதிரைக்குக் கொடுக்கும்படி மாராயர் பணித்தார். பிழை பொறுத்தருள்க.

முதற்கண் நற்செய்தி. தேவியார் குவளைநங்கையாருக்கு ஆண்மகவு பிறந்து இன்று நான்காம் நாள். நாற்பது நாள் முந்தி வந்துவிட்டது. பிறப்புச் செய்தி மூன்றாம் நாளே புறப்படும் என்னும் மரபின்படி நேற்றுக் கிளம்ப இருந்த தூதன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டான். தாயும் சேயும் இக்கணம் வரை நலம். இக்கணம் வரை என்று எழுத நேர்ந்தது ஏன் என்பதே இவ்வோலையின் பொருள்.

போருக்கு எழுந்தருளும் முன் தேவரீர் இட்ட கட்டளை நினைவில் இருக்கும். மேலை மாளிகையின் கீழ்த்தளத்தில் அறை அறையாகக் கிடப்பதை உடைத்து ஒரே பேரவை மண்டபமாக்க வேண்டும் என்றும், மேல்தளத்து அந்தப்புரத்துக்குச் சிறு கீறலும் விழலாகாது என்றும் அருளினீர்கள். அப்பணி பெருந்தச்சர் கீரங்கண்ணனாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கட்டுவதைக் காட்டிலும் இடிப்பதற்கே அதிகம் யோசிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இருபத்தேழு நாள் ஒரு செங்கல்லையும் அசைக்காமல், சுவர் சுவராகக் காதை வைத்துத் தட்டிக்கொண்டு திரிந்தார். மாமன்னர் இவரை மண்டபம் கட்டச் சொன்னாரா, சுவர்களோடு பேசச் சொன்னாரா என்று அரண்மனையில் கேலி பேசாதவர் இல்லை. மாராயரும் பேசினார். அதை மறைக்க வேண்டாம் என்கிறார்.

ஆனால் அவர் போட்ட திட்டம் சொக்கத்தங்கம். எது இடம் பிரிக்க மட்டும் நிற்கும் சுவர், எது மேல்தளத்தின் பாரத்தை ஏந்தும் சுவர் என்று பிரித்தறிந்தார். கதவுகளையும் சன்னல்களையும் கழற்றிப் பண்டசாலைக்கு அனுப்பினார். நீர் வரும் கல்வாய்க்காலை அடைத்தார். இடிபாடு எந்த வாயில் வழியே போகும், புழுதி மேலே ஏறாதிருக்கப் படிக்கட்டில் எத்தனை ஈரத்துணி தொங்கும் என்பது வரை எழுதி வைத்தார். பாரம் ஏந்தாத ஆறு சுவர்களுக்கு மட்டும் தோளுயரத்தில் செங்காவியால் ஒரு பட்டை இழுத்தார். பிறகு இடிப்போர் தலைவன் வேம்பனை அழைத்து, காவி கண்ட சுவரில் கடப்பாரை போடலாம், காணாத சுவரைத் தொடக்கூடாது, இதற்குமேல் ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, உத்தரத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கத் தென்காடு சென்றார்.

அவர் சென்ற மறுநாள் இளவரசர் பிறந்தார்.

இந்த அரண்மனையில் ஆண்மகவு பிறந்தால் பெண்டிர் என்ன செய்வார்கள் என்பது தேவரீர் அறியாததன்று. குரவையிட்டுக்கொண்டே, பேறு நிகழ்ந்த அறைக்கு நேர் கீழே உள்ள சுவரில் காவிப்பட்டை இழுப்பார்கள். மூன்றாண்டாய் இழுக்காத கை, ஆசையோடு இழுத்தார்கள். காவி குழைக்கும் வேலைகூட அவர்களுக்கு இல்லை. கீரங்கண்ணனார் குழைத்து வைத்த சட்டி மூலையிலேயே இருந்தது. அந்தச் சுவர்தான் அவருடைய ஏட்டில் முதலாவதாக, தொடக்கூடாதது என்று எழுதப்பட்ட சுவர்.

வேம்பனும் அவன் ஆட்களும் பிறப்பின் மகிழ்ச்சியில் ஒருநாள் வேலை நிறுத்தி, மூன்றாம் நாள் காலை புத்துணர்வோடு வந்தார்கள். காவி கண்டார்கள், இடித்தார்கள். உச்சிப்பொழுதில் கீரங்கண்ணனார் மரவண்டியோடு திரும்பியபோது சுவரில் ஆறு முழம் போயிருந்தது. அவர் கத்தவில்லை. கடப்பாரைகளைக் கீழே போடாமல் மெல்லத் தரையில் வைக்கும்படி கையால் காட்டினார். வேம்பன் நடந்ததை அறிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, தன் கையை வெட்டிவிடும்படி அழுதான். அவன் மேல் குற்றமில்லை, கேள்வியே கேட்கவேண்டாத கட்டளை இட்டவன் நான்தான் என்று பெருந்தச்சர் சொன்னார். நாற்பது நாளில் வேலை முடிந்துவிடும், பிறகுதான் பேறு என்று கணக்கிட்டவரும் அவரே. புழுதிக்கும் துணிக்கும் கணக்கு வைத்தவர், குழந்தை அவசரப்படும் என்பதற்கு வைக்கவில்லை.

உடனே பனந்தூண்கள் ஒன்பதை உத்தரத்தின் கீழ் நிறுத்தினார்கள். ஆனால் தூணுக்கு ஆப்பு அடித்தால்தான் இறுகும். அடித்தால் உத்தரம் அதிரும். உத்தரத்துக்கு மேலேதான் தொட்டில். சம்மட்டி ஓசையே கேட்கக்கூடாது என்று சொல்லி, ஆப்புகளைத் தம் உள்ளங்கையாலும் தோளாலும் தள்ளியே செருகினார். புதிதாகச் சுவர் எழுப்பினால் சுண்ணாம்பு இறுக ஒரு திங்கள் ஆகும். பிறகு மிஞ்சி நின்ற சுவரில் கண்ட விரிசலுக்குக் குறுக்கே ஐந்து இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். பொட்டு பிளந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். நேற்று மாலை ஒன்று பிளந்தது. இன்று காலை இன்னொன்று.

அப்படியானால் தேவியாரை இறக்கிவிட்டால் என்ன என்று தேவரீர் வினவுவீர்கள். இறக்க முடியவில்லை, அரசே. தந்தையின் பார்வை படாத மகவு பிறந்த அறையின் வாசலைத் தாண்டலாகாது என்பது நம் குலமரபு. மாராயர் இதை மரபு என்று மட்டும் எண்ணியிருந்தால் கதவை உடைத்தாவது இறக்கியிருப்பார். மூன்றாண்டுக்கு முன் தலைமகன் பிறந்தபோது, தேவரீர் தெற்கே சென்றிருந்த வேளையில், கோயிலுக்கு என்று அவசரப்பட்டு வெளியே எடுத்தோம். ஐந்தாம் நாள் இழந்தோம். அது காய்ச்சலால் வந்தது என்று மருத்துவர் சொன்னார். தேவியார் அதை ஒருநாளும் ஏற்கவில்லை. இப்போது மகவை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர் விழுந்தால் எங்கள் இருவர் மேலும் விழட்டும், இன்னொரு பிள்ளையை நானே வாசல் தாண்டிக் கொல்லமாட்டேன் என்கிறார். வலிந்து இழுத்தால் அந்த அறையில் நடக்கும் அமளியையே உத்தரம் தாங்காது.

மாராயர் கெஞ்சினார். மருத்துவச்சி கெஞ்சினாள். கடைசியில் கீரங்கண்ணனாரே மேலே ஏறித் திரைக்கு வெளியே நின்றார். தூண்கள் தாங்குமா என்று தேவியார் கேட்டார். பொய் சொல்லித் தேற்றத் தெரியாத மனிதர். இரண்டு நாள் தாங்கும் தாயே, மூன்றாம் நாள் தாங்காது என்றார். திரைக்கு உள்ளே நெடுநேரம் அழுகைதான் கேட்டது. பிறகு தேவியார், அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்த அக்கணமே இறங்குகிறேன், அதற்கு வழி செய்யுங்கள் என்றார்.

வழி எங்கே இருக்கிறது? குதிரை மாற்றி மாற்றி ஓடினாலும் பாடிக்கு ஒன்றரை நாள். தேவரீர் திரும்ப இன்னும் ஒன்றரை நாள். பெருந்தச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் இன்னும் அந்தக் காவி ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து, மகவின் அடியை ஓலையில் பதித்து அனுப்பினால், அதை அரசர் பார்ப்பது பார்வை ஆகாதா என்று கேட்டார்.  தேவியார், யாருடைய அடி என்று அறியாமல் பார்ப்பது பார்வை ஆகாது, நடந்ததெல்லாம் சொல்லிக் கடைசியில் காட்டுங்கள், அவர் கண்டதற்கு எனக்கு ஓர் அடையாளம் வரவேண்டும் என்றார். அதனால்தான் இவ்வோலை இத்தனை நீளம்.

அந்த அடையாளத்தைத்தான் மாராயர் தேவரீரிடம் இரந்து நிற்கிறார். கணவாயிலிருந்து நெடுவாயில் வரை ஏழு குன்றின் உச்சியிலும் வெற்றித்தீக்கு விறகு அடுக்கிக் கிடக்கிறது. ஒன்று எரிந்தால் அடுத்தது எரியும். மூன்று நாழிகையில் செய்தி இங்கே எட்டிவிடும். வெற்றி இன்றி அத்தீயை மூட்டுபவனுக்கு மரணம் என்பது தேவரீர் இட்ட ஆணை. ஆகையால் அதை மாற்றவும் தேவரீரே வேண்டும். நாடெங்கும் போர் வென்றது என்று ஆர்ப்பரிக்கட்டும். பிறகு உண்மை தெரிந்து நகைக்கட்டும். அந்த நகைப்பை மாராயர் தம் நரைத்த தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

கீரங்கண்ணனார் தம் முழக்கோலை மாராயர் காலடியில் வைத்து, தண்டனையைப் பின்னர் தாருங்கள், இப்போது எனக்குத் தலை தேவைப்படுகிறது என்று கூறிக் கீழே சென்றார். நடுத்தூணில் காதை வைத்தபடி அங்கேயே நிற்கிறார். வேம்பனும் அவன் ஆட்கள் பதினெட்டுப் பேரும் அவருடன் நிற்கிறார்கள். வெளியே போகும்படி ஆணையிட்டும் ஒருவரும் போகவில்லை.

இவ்வோலை கொண்டு வரும் குதிரைவீரனை எந்த வாயிலிலும், எந்தத் துறையிலும், எந்தக் காவலரும் ஒரு கணமும் தடுக்கலாகாது. தடுப்பவர் அரசகுலத்தைத் தடுத்தவர் ஆவர். இது மூத்த அமைச்சர் ஆணை. தேவரீரிடம் வைப்பது ஆணை அன்று, கண்ணீர்.

எழுதி முடிக்கும் இவ்வேளையில் கீழிருந்து ஆள் வந்தான். மூன்றாம் பொட்டும் பிளந்தது.

இவ்வோலையில் மாராயர் முத்திரை இல்லை. முத்திரை விழவேண்டிய இடத்தில், பெருந்தச்சரின் சட்டியில் மிஞ்சியிருந்த காவியைத் தொட்டு, தேவியார் தம் கையாலேயே மகவின் அடியைப் பதித்தார். ஓலையின் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் கலைந்திருக்கும். அப்போது உதைத்தார். பாருங்கள், அரசே. இவர் உங்கள் மகன். பார்த்துவிட்டீர்கள் அல்லவா, தீயை மூட்டுங்கள்.