ஐந்து சந்திப்புக்குப் பிறகு ஒரு தொலைபேசி

2019 ஜனவரி 14, திங்கள், காலை 10.40
ரத்தச் சோதனை அலுவலகத்துக்கு மூன்றாவது முறை அழைக்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர்.

பதினெட்டு வயதில் எங்கள் யூத வேதபாடசாலையில் எல்லோரையும் நிறுத்தி, பரம்பரை நோய்ச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லவில்லை, ஆளுக்கொரு எண் தந்தார்கள். பெண் பார்க்கும் முன் பையன் எண், பெண் எண் இரண்டையும் சொல்லி, பொருந்துமா என்று கேட்க வேண்டும். பையன் வீட்டு வேலை. அம்மா என்னிடம் விட்டிருந்தாள். இருவரும் ஒரே நோயைச் சுமக்க நூறில் ஒன்றுகூட வாய்ப்பில்லை என்று கணக்குப் போட்டுத் தள்ளிவைத்தேன். அதற்குள் தரகர் காட்டிய பெண் ஃப்ரேய்டலை ஐந்து முறை சந்தித்தாயிற்று.

லிஃப்டில் ஆள் ஏறும் முன் எடை வைத்துச் சோதிப்பதுதான் என் வேலை. வெட்கமாக இருக்கிறது.

ஒருவழியாக ஒரு பெண்மணி எடுத்தாள்.
"பேரு வேண்டாம். ரெண்டு எண்ணு, பிறந்த தேதி."
"எனக்கு இருக்கான்னு மட்டும் சொல்லுங்கம்மா."
"ஜோடிக்குத்தான் தம்பி பதில். தனியா சொல்ல மாட்டோம்."
"ரத்தம் என்னோடதுங்க!"
"அதான் பத்திரமா வச்சிருக்கோம். நாங்களே கூப்பிடுவோம்."

ஜனவரி 15
கூப்பிடவில்லை.

ஜனவரி 16
தரகர் செல்டா மாமி: "என்ன தம்பி, நம்ம வழக்கப்படி தட்டு உடைச்சு நிச்சயம் பண்ணிடலாமா? இல்ல அதையும் அளந்து பாக்கணுமா?"
அம்மா சிரிக்கிறாள். எனக்கு எரிகிறது.

ஜனவரி 17, வியாழன்
கூப்பிட்டார்கள். பொருந்தவில்லை. டே-சாக்ஸ், நரம்பை அழிக்கும் பரம்பரை நோய். அதன் மரபணுவை இருவரும் சுமக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வந்தால் பார்வை போகும், விழுங்க முடியாது, நாலைந்து வயதோடு சரி.
நூறில் ஒன்று. யார் அந்த ஒன்று? நான்தான், முட்டாள்!

ஜனவரி 20, ஞாயிறு
நேற்று சனி, எங்கள் ஓய்வுநாள்; முழுக்க எழுதவும் முடியாது, அழைக்கவும் முடியாது. இன்று நாங்கள் எப்போதும் சந்திக்கும் ஹோட்டல் முன்கூடம். ஃப்ரேய்டலுக்கும் சொல்லிவிட்டார்கள். சோடாவை அவள் தொடவேயில்லை.

"லேப்லயே கருவை உண்டாக்கி, சோதிச்சு, நல்லதை மட்டும் வயித்துல வைக்கிறாங்க. வழி இருக்கு," என்றேன்.
"தெரியும். ஒவ்வொரு குழந்தைக்கும் லேப் வாசல்ல நிக்க என்னால ஆகாது, ஆஷெர்."
என் பெயரை முதல் முறையாகச் சொன்னாள்.
"நீங்க முதல்லயே கேட்டிருந்தா நாம பார்த்தே இருக்க மாட்டோம்."
திட்டுகிறாளா, இல்லையா? கேட்கத் துணிவில்லை.

இனி:
1. அடுத்த முறை எண் முதலில். பெயர்கூட அதற்குப் பிறகு.
2. அம்மா எவ்வளவு குடைந்தாலும் காரணம் சொல்லக் கூடாது. வெளியே தெரிந்தால் ஃப்ரேய்டலுக்கு வரன் வராது.
3. செல்டா மாமிக்குப் போன். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, என் வாய்த்துடுக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வது. நம்புவாள். ஃப்ரேய்டலுக்கு இன்னும் கல்யாணம் ஆக வேண்டும்.