மூச்சு விடாத வேஷம்

பெருங்களத்தூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டுக்காரர் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு மோந்து பார்த்தார். உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். உனக்கு இழுப்பு வரும் நாளெல்லாம் உன் சட்டையில் இந்த வாசம்தான். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுவில் வழி தவறிப் போனால் அவளே இழுத்து வருவாள்.

தொண்ணூறுகளில் இங்கிலீஷ் படங்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. நீ தாம்பரத்தில் ரயிலேறி, கோடம்பாக்கம் போய், கும்பலுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாய். கும்பல் என்றால் சந்தைக் காட்சியில் பின்னால் கேட்கிற சலசலப்பு. ஒரு படத்தில் நீ "கத்திரிக்கா" என்று கத்தியது தெளிவாகக் கேட்கிறது என்று என்னை தியேட்டருக்கு இழுத்துப்போனாய். கேட்டது என்றேன். நீ நம்பவில்லை.

பிறகு ஒரு நாள் என் மாட்டுக்கொட்டாய் வாசலில் வந்து நின்றாய்.

"மச்சான், ரோபோ வேஷம் குடுத்துட்டாங்க."

"இன்னாது?"

"இரும்பு ஆளு. இங்கிலீஷ் படம். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அவன் பேசறது எல்லாம் நான்தான். ஆனா ஒரு பேஜாரு கீது. அவன் மூச்சு வுடக் கூடாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரிலேயே மூச்சுக்குத் தவிக்கிற ஆள் நீ ஒருத்தன். உன்னைத் தேடியா இந்த வேஷம் வர வேண்டும்? ஏற்ற இறக்கமில்லாத உன் குரல் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். ஆனால் மூச்சு மைக்கில் விழுந்தால் வேறு ஆள்தான் என்று டப்பிங் பார்க்கிற சார் சொல்லிவிட்டார்.

"இத வுட்டா மறுபடி கத்திரிக்காதான் மச்சான்" என்றாய்.

நீ சும்மா இருக்கிறவனா? மெஷின் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்கக் கிளம்பினாய். மாவு மில்லில் போய் நின்றாய். மின்சார ரயில் நிற்கும்போது அடியில் புஸ்ஸென்று காற்றுப் போகுமே, அதைக் கேட்கத் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் என்னையும் உட்கார வைத்தாய். அங்கே விற்ற சுண்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகள் முறைக்கிறாள், விடு.

"பாத்தியா, ரயிலே மூச்சு வுடுது. மில்லும் வுடுது. வுடாத மெஷின் எது, சொல்லு?"

"நின்னு போனது" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். "அப்போ மனுசனுக்கும் அதுக்கும் இன்னாடா வித்தியாசம்?"

எனக்கு மூச்சை ஒளிக்கத்தான் தெரியும். திருவிழாவில் மைக் இல்லாமல் கதை சொல்கிறவன் நான். ஜனம் சிரிக்கிற நேரத்தில் மூச்சை இழுத்துக்கொள்வேன். அவர்கள் சிரிக்காவிட்டால் என் பாடு திண்டாட்டம். இதைச் சொன்னதும் கப்பென்று பிடித்துக்கொண்டாய். படத்தில் கதவு இடிபடும்போது, துப்பாக்கி வெடிக்கும்போது, அந்தச் சத்தத்துக்கு அடியில் மூச்சை இழுத்தாய். அச்சு அசல் இரும்பு என்று சவுண்டு பார்க்கிறவரே சொன்னாராம்.

கடைசிக் காட்சியில்தான் மாட்டிக்கொண்டாய். அந்த ரோபோ உட்கார்ந்தபடியே அணைந்துபோகிறது. சுற்றிலும் ஒரு சத்தம் கிடையாது. தான் வளர்த்த சின்னப் பெண்ணிடம் அது மெதுவாக, நீளமாகப் பேசி விடைபெற வேண்டும். மூச்சை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? காலையிலிருந்து பேசிப் பார்த்தாய். பாதி வசனத்தில் நெஞ்சு விசிலடித்தது.

"மூச்சு கேக்குதுப்பா" என்றார் சார்.

"சாவற நேரம் சார். அப்பக்கூட வுடக் கூடாதா?"

"மனுஷன் சாகும்போதுதான்பா மூச்சு வாங்கும். இது ரோபோ."

மதியம் வேறொருவரைக் கூப்பிட்டு அந்த வசனத்தை முடித்துக்கொண்டார்கள்.

படம் தாம்பரத்துக்கு வந்தது. நீ வர மாட்டாய் என்று நினைத்துப் போனேன். எனக்கு முன்னாலேயே தியேட்டர் கேட்டில் நின்றுகொண்டிருந்தாய். கடைசியில் குரல் மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. பக்கத்து சீட் அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினார். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். நீயோ முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாடா, வருத்தமா இல்லியா?"

"நல்லா யோசி மச்சான். செத்தது மத்தியானம் வந்தவன் கொரலு. என்னுது சாவவே இல்ல."

நீ போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. டிவியில் எப்போது அந்தப் படத்தைப் போட்டாலும், கதவு இடிபடுகிற இடம் வந்தால் வீட்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிடுவேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆனால் அதற்கு அடியில் நீ மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறாய்.