தோல் பையில் நான்கு காடைகள்

மார்கழி 12, வெள்ளி.

இன்று தோல் பதனிடும் ஷாப்புக்கு விடுமுறை. முதன்முதலாகக் காடை பிடிக்கப் போனேன். என்னோடு வேலை செய்யும் சத்தார்தான் கூப்பிட்டான். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. காடைக்கறி வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கேட்டாளாம். ஏரிப் புறம்போக்கில் வலையைக் கட்டிவிட்டு, பழக்கிய காடை ஒன்றைக் கூண்டோடு புதருக்குள் வைத்தான். அது கத்தக் கத்த, புல்லிலிருந்த காடைகள் ஓடிவந்து வலையில் சிக்கின. நான்கு. நானே தைத்த ஆட்டுத்தோல் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினேன். அந்தப் பையில் எனக்கு அவ்வளவு பெருமை.

சத்தார் தன் வீட்டு வாசலில் கத்தியோடு உட்கார்ந்து பையைத் திறந்தான். நான்கும் மூச்சுமுட்டிச் செத்திருந்தன.

“உயிரோட அறுக்காதது எங்களுக்கு ஆவாதுப்பா. நீ எடுத்துனு போ,” என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

என் மனைவி எஸ்தர் அவற்றைத் தொடவே இல்லை. “பச்ச ஒடம்புக்காரி அங்க காத்துனு இருந்திருப்பா. எனக்கு எப்டி எறங்கும்?” என்றாள். கொல்லையில் புதைத்தோம்.

பொழுது சாயும்போது சத்தார் வந்தான். “நாளிக்கு விடியறதுக்குள்ள ஏரிக்கு வந்துடு, காடை புடிக்கலாம். அந்தப் பைய மட்டும் ஊட்லயே வெச்சிட்டு வா.”

அவன் போனதும் பை முழுக்கக் குத்தூசியால் துளை போட்டேன். எஸ்தர் அதை வாங்கி, முகத்தை உள்ளே நுழைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

“மூச்சு வருது,” என்றாள்.