மேலே ஆளில்லாமல் இறங்கிய கிணறு

இன்று காலை எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நம் ரிக் வண்டி போர் போட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் வெள்ளைப் புழுதியாகப் பறந்த கல்மாவு திடீரென்று ஈரமாகிச் சேறாக வழிந்தது. தோட்டக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி ஆட்கள் கைதட்டினார்கள். அந்த ஈரக்கல் வாசனை மூக்கில் ஏறியதும் என் கை மட்டும் தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அந்த வாசனை அடித்தால் நான் எருமப்பட்டியில் இருப்பதில்லை. இத்தாலியில், ஒர்வியேதோ ஊரின் அந்தக் கிணற்றுப் படியில், உன்னை அடியில் விட்டுவிட்டு மேலே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

'பயந்தாங்கொள்ளி' என்று சிரிப்பாய். ஊரறிந்த விஷயம்தானே அது. திருச்செங்கோட்டில் நாம் கூட்டுச் சேர்ந்து ரிக் வாங்குவதற்கு முன்பு, ஆட்டையாம்பட்டிப் பக்கம் கிணறு ஆழப்படுத்திக்கொண்டிருந்த காலத்திலேயே இறங்குவது நீ, மேலே நிற்பது நான். வெடி வைத்த கிணற்றில் புகை அடியில் தங்கிக் கிடக்கும். இறங்கியவன் மூச்சுமுட்டிச் சாய்ந்தால் மேலே இருப்பவனுக்குத் தெரியாது. அதனால் மேலே நிற்பவன் விடாமல் கூப்பிட வேண்டும், கீழே இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும்.

"மாப்ள, இருக்கறயா?"

"இருக்கறன்!"

பதில் வரத் தாமதமானால் யோசிக்கவே கூடாது, கயிற்றோடு ஆளை இறக்கிவிட வேண்டும். உன் குரல் வரும்வரை நான் கிணற்று விளிம்பைவிட்டு நகர மாட்டேன். நீயோ வேண்டுமென்றே சற்றுப் பொறுத்துத்தான் பதில் சொல்வாய். இருட்டுக்குள் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் உனக்கு இருந்தது. இறங்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் எடுத்து அந்தச் செருப்பின் மேலேயே வைத்துவிடுவாய். "தண்ணிக்குள்ள எதும் உழுகக் கூடாது. கெணத்துக்கு வெறுங்கையோட போவோணும்" என்பாய். பிறகு ரிக் வந்து, கிணற்றில் இறங்கும் வேலையே நமக்கு இல்லாமல் போன பின்னும், போர் போடும் இடத்தில் தேங்காய் உடைக்கக் குனியும்போதுகூடப் பையைக் காலிசெய்துவிட்டுத்தான் குனிவாய்.

புது இயந்திரம் பார்க்க இத்தாலிக்குக் கிளம்பியபோது உனக்கு நெஞ்சுவலி வந்து தெளிந்திருந்த சமயம். உன்னைக் கட்டிய தங்கச்சி வாசல்வரை வந்து என்னிடம் சொன்னது: "ஏனுங்ண்ணா, வலி வந்தா நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரைங்க அது. அவிய ஜோப்புல எப்பவும் இருக்கோணும். நீங்கதான் பாத்துக்கோணும்." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

இயந்திரக் கம்பெனியில் நம்மைச் சுற்றிக் காட்டிய மார்க்கோ நினைவிருக்கிறதா? அடுத்து ரோம் பார்க்கப் போகிறோம் என்றதும் முகத்தைச் சுளித்தார். ரோமைத்தான் உலகமே பார்க்கிறது, நீங்கள் தண்ணீர் தேடுகிற ஆட்கள், என் சொந்த ஊருக்குப் போங்கள், அங்கே ஒரு கிணறு இருக்கிறது என்றார். "இத்தாலிக்கு வந்தும் கெணறாடா!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அதற்குள் ரயில் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ரயிலிலிருந்து பார்த்தபோது சங்ககிரி மலையின் தலையைச் சீவிவிட்டு அதன்மேல் ஒரு ஊரைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. சுற்றிலும் செங்குத்தான பாறை. மேலே குறுகலான கல் தெருக்கள், முகப்பெல்லாம் தங்கமாய் மின்னும் பெரிய மாதா கோயில், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வயசாளிகள். கூட்டமே இல்லை. கோயில் படியில் உட்கார்ந்து தங்கச்சி கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்றோம். இந்த ஊரைச் சொன்ன மார்க்கோவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று அப்போது நானே சொன்னேன்.

கிணறு ஊரின் ஓரத்தில் இருந்தது. பல நூறு வருஷங்களுக்கு முன் ரோமிலிருந்து தப்பியோடி வந்த போப்பாண்டவர், எதிரிகள் இந்த ஊரையும் சுற்றி வளைத்துவிட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பயந்து வெட்டச் சொன்னதாம். பலகையில் போட்டிருந்ததை நான் படித்துச் சொன்னதும் நீ என் முதுகில் தட்டினாய். "பயந்தவிய வெட்டுன கெணறு. ஒனக்குன்னே வெட்டி வெச்சிருக்கறாங்கடா."

சுவரைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள், இறங்க ஒன்று, ஏற ஒன்று. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாதபடி, ஒன்றையொன்று எங்கும் தொடாமல் அடிவரைக்கும் சுழன்று போகின்றன. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வழியெல்லாம் ஜன்னல்கள். நீ வாசலிலேயே ஷூவைக் கழற்றினாய். "குளுருதுடா, போட்டுக்க" என்றேன். கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து ஷூவுக்குள் திணித்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாய். நான் பின்னால் வந்தேன்.

பாதி இறங்கியபின்தான் எனக்கு உறைத்தது. "மாப்ள, ரெண்டு பேருமே எறங்கீட்டமே. மேல ஆருமில்லியேடா."

"படி இருக்குதுல்ல, ஆளெதுக்கு? வா சாமி."

அடியில் ஒரு சின்னப் பாலம், அதன் கீழே பச்சைத் தண்ணீர். நீ சுவரின் கல்லைத் தட்டிப் பார்த்தாய். பிறகு மெதுவாக உட்கார்ந்தாய். களைப்பு என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், அந்தக் குளிரில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மாத்திர" என்றாய்.

"எங்கடா?"

நீ மேலே பார்த்தாய்.

வேறு யாரும் இல்லை. என் போனில் சிக்னல் இல்லை. இறங்கி வந்த படியிலேயே திரும்பி ஓடினேன். ஜன்னல் வரும்போதெல்லாம் தலையை நீட்டிக் கத்தினேன். "மாப்ள, இருக்கறயா?" கீழேயிருந்து "இருக்கறன்" என்று வந்தது. அடுத்த ஜன்னலிலும் வந்தது. அதற்கடுத்ததில் மெலிந்து வந்தது. பிறகு ஒரு ஜன்னலில் வரவில்லை.

இன்னொரு முறை கத்தினேன். என் குரல்தான் கிணற்றைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பாலத்தில் நீ ஒரு துணி மூட்டை போலக் கிடந்தாய். அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. குரல் வராவிட்டால் கீழே போக வேண்டும், அதுதான் நாம் பழகிய பழக்கம். காலும் கீழேதான் இழுத்தது. ஆனால் உன்னைத் தூக்குகிற கயிறு மேலே ஷூவுக்குள் கிடந்தது. அழுதுகொண்டே மேலே ஓடினேன்.

மாத்திரையோடு எப்படித் திரும்பி வந்தேன் என்பது ஞாபகமில்லை. உன் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மெல்ல உன் முகத்தில் ரத்தம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏண்டா கொரல் குடுக்கல?"

"குடுத்துக்கிட்டுத்தான்டா இருந்தன். ஒனக்குக் கேக்கல."

பொய். மூச்சுவிடவே திராணியில்லாமல் கிடந்தவன் எங்கே குரல் கொடுத்திருப்பாய்? எனக்கும் அது தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். ஏறும் படியில் உன்னைத் தாங்கிப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தோம். ஊருக்கு வந்து தங்கச்சியிடம் நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் சேலம் ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே விடவில்லை. கதவில் வாயை வைத்து, "மாப்ள, இருக்கறயா?" என்றேன். நர்ஸம்மா வந்து, சத்தம் போடாதீங்க என்றார். இந்த முறை ஓடிப்போய் எடுத்துவர மேலே எதுவும் இல்லை. உன்னை வெள்ளைத் துணியால் மூடி வெளியே கொண்டுவரும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இன்று மதியம் ஆட்கள் சாப்பிடப் போனபின் போர்க்குழியின் அருகே போனேன். செருப்பைக் கழற்றி, பையில் இருந்ததை அதன்மேல் வைத்தேன். உன் மாத்திரை அட்டையை மட்டும் வைக்கவில்லை. எனக்கு நெஞ்சில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனாலும் அது என் பையைவிட்டு இறங்குவதில்லை. குனிந்து, குழாய் வாயில் கூப்பிட்டேன். நீ வழக்கமாக எடுத்துக்கொள்கிற நேரத்தையும் தாண்டிக் காத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

எனக்குக் கேட்கவில்லை. நீ குரல் கொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.